சாவி தொலைந்தால் சரக்கும் தொலையுமா?

வீட்டுக்குப் பூட்டு உண்டு. பூட்டுக்குச் சாவி உண்டு. கம்ப்யூட்டருக்கும் பூட்டு உண்டு. ஆனால் அதன் சாவி இரும்பால் ஆனது அல்ல. எழுத்துகளும் எண்களும் சேர்ந்த ஒரு சொல்தான் அந்தச் சாவி. அதைக் கடவுச்சொல் என்கிறோம். 'பாஸ்வேர்டு' என்றும் சொல்வார்கள்.

கடவுச்சொல் மறந்துபோனால் என்ன செய்வது? ஒரு கதை மூலம் தெரிந்துகொள்வோம்.

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அங்கு 12 பெண்கள் ஒரு சேமிப்புக் குழு நடத்தினார்கள். குழுவிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. யார் எவ்வளவு கட்டினார்கள், யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள் என்ற 4 வருடக் கணக்கு அதில் இருந்தது. குழுத் தலைவியின் மகள்தான் கணக்கை ஏற்றினாள். கடவுச்சொல் வைத்ததும் அவள்தான். பிறகு கல்யாணமாகி நாகபுரிக்குப் போய்விட்டாள். அதன் பின் குழுவினர் நோட்டில் கணக்கு எழுதினார்கள்.

இரண்டு வருடம் கழித்து குழு வங்கியில் கடன் கேட்டது. "பழைய கணக்கையும் கொண்டு வாருங்கள்" என்றார் மேலாளர். கம்ப்யூட்டரைப் போட்டார்கள். அது கடவுச்சொல் கேட்டது. நாகபுரிக்குப் போன் போட்டார்கள்.

"மறந்துபோச்சு அத்தை!" என்றாள் அந்தப் பெண்.

குழுவில் பேச்சுக் கிளம்பியது. "கணக்கு இல்லையா? அப்போ நம்ம பணம் எங்கே?" என்று சிலர் கேட்டார்கள். பொருளாளருக்குத் தூக்கம் போயிற்று. அவர் ஒரு பைசா எடுத்தவர் அல்ல. ஆனால் அதைக் காட்டக் கணக்கு வேண்டுமே!

அவர் கம்ப்யூட்டரை ஒரு கடைக்கு எடுத்துப் போனார். "ஃபார்மேட் பண்ணிடலாம் அக்கா. ஒரு மணி நேர வேலை" என்றார் கடைக்காரர்.

"பண்ணினா உள்ளே இருக்கிற கணக்கு என்ன ஆகும் தம்பி?"

"அது போயிடும்."

பொருளாளர் கம்ப்யூட்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டார். ஃபார்மேட் என்றால் சிலேட்டைத் துடைப்பது போல. பூட்டு போகும். கூடவே எழுத்தும் போகும்.

இரண்டாவது கடையில் ஒரு பெரியவர் இருந்தார். "இது உங்கள் பொருள்தானா?" என்று முதலில் கேட்டார். பொருளாளர் ரசீதையும் குழுத் தீர்மானத்தையும் காட்டினார்.

பெரியவர் விசைப்பலகையைப் பார்த்தார். 'கேப்ஸ் லாக்' விளக்கு எரிகிறதா என்று கவனித்தார். அது எரிந்தால் சிறிய எழுத்து பெரிய எழுத்தாகிவிடும். சரியான சொல்லும் தவறாகிவிடும். விளக்கு எரியவில்லை. தவறான சொல்லைப் போட்டால் சில கம்ப்யூட்டர்கள் ஒரு குறிப்புக் காட்டும். இதில் யாரும் குறிப்பு எழுதி வைக்கவில்லை.

"பழைய சொல் என்னவென்று கண்டுபிடித்துச் சொல்லுங்களேன் அண்ணா" என்றார் பொருளாளர்.

"அது கஷ்டம் அம்மா. அரிசியை மாவாக அரைத்தால் மறுபடி அரிசி ஆகுமா? கம்ப்யூட்டர் உங்கள் சொல்லை அப்படியே வைப்பதில்லை. அரைத்து மாவாக வைக்கிறது. நீங்கள் சொல்லைப் போடும்போது அதையும் அரைக்கிறது. இரண்டு மாவும் ஒன்றாக இருந்தால் திறக்கிறது. ஆனால் கவலை வேண்டாம். கடவுச்சொல் வாசல் பூட்டுதான். உங்கள் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது."

அவர் பெட்டியைத் திறந்தார். ஹார்டு டிஸ்க் என்ற பாகத்தைக் கழற்றினார். கணக்கு, படம், கடிதம் எல்லாம் அதில்தான் தங்குகின்றன. அதை வேறொரு கம்ப்யூட்டருடன் இணைத்தார். கணக்கு தெரிந்தது! அதைப் பென் டிரைவில் நகல் எடுத்தார். எல்லாம் பொருளாளர் கண் முன்னே நடந்தது.

அன்று மாலை 12 பேரும் கூடிக் கணக்கைப் பார்த்தார்கள். ஒவ்வொரு ரூபாயும் சரியாக இருந்தது.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் இப்படிச் செய்ய முடியுமா? முடியாது. புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்கில் உள்ளதும் பூட்டப்பட்டிருக்கும். விண்டோஸில் அதற்கு 'பிட்லாக்கர்' என்று பெயர். அதைத் திறக்க 48 இலக்க எண் ஒன்று உண்டு. அந்த எண்ணும் இல்லையென்றால் உள்ளே இருப்பது கிடைக்காது.

இன்னொன்றையும் யோசியுங்கள். பெரியவர் எடுத்ததைத் திருடனும் எடுக்கலாம் அல்லவா? எனவே பழைய கம்ப்யூட்டரை விற்கும்போது, உள்ளே உள்ளதை முழுவதும் அழித்துவிட்டே விற்க வேண்டும்.

நினைவில் கொள்ளுங்கள்

1. முதலில் நகல், பிறகுதான் பழுது. நகல் எடுக்காமல் ஃபார்மேட் செய்ய விடாதீர்கள்.

2. கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பெட்டியில் பூட்டி வையுங்கள். கம்ப்யூட்டர் மேல் ஒட்டாதீர்கள். குழுவின் கடவுச்சொல் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

3. கணக்கை மாதம் ஒரு முறை பென் டிரைவிலும் நோட்டிலும் ஏற்றுங்கள்.

4. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியுடன் நின்றுவிட்டன. அப்படிப்பட்ட பழைய கம்ப்யூட்டரில் இணையம் வழியாகப் பணம் அனுப்பாதீர்கள்.

5. "கடவுச்சொல் சொல்லுங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று போனில் கேட்டால் சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

6. பிறர் கம்ப்யூட்டரைக் கெட்ட எண்ணத்துடன் அனுமதியின்றித் திறப்பது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்படி 3 வருடம் வரை சிறை கிடைக்கலாம்.

பதில் சொல்லுங்கள்

1. பொருளாளர் முதல் கடையிலிருந்து ஏன் திரும்பினார்?

2. பெரியவர் ஏன் ரசீது கேட்டார்?

3. உங்கள் குழுவின் கணக்கு எங்கே இருக்கிறது? அதற்கு நகல் இருக்கிறதா? குழுவில் கேட்டுப் பாருங்கள்.