விட்ட அடியைத் துரத்தாதே, அம்மிணி!

பறை கத்துக்கப் போறேன்னு நீ சொன்னதும் என் முதல் மாசம்தான் ஞாபகம் வந்துச்சு. எல்லாரும் ஒண்ணா அடிக்கறப்ப நான் மட்டும் தனி ஊர்வலம் போயிட்டிருந்தேன்! பட்டுத் தெரிஞ்சதைச் சொல்றேன், கேட்டுக்கோ கண்ணு.

1. முதல் நாளே பறை வாங்காதே, குச்சி போதும். வலது கைக்குக் குட்டையான அடிக்குச்சி. இடது கைக்கு நீளமா, மெல்லிசா மூங்கில்ல சீவுன சிண்டுக்குச்சி. தகராறு பண்றது சிண்டுதான். ராத்திரி தலகாணி மேல பத்து நிமிசம் இடது கைக்கு மட்டும் வேலை கொடு.

2. வாயில வராதது கையில வராது. ஆசான் சொல்ற சொற்கட்டைப் பல்லடத்துல பஸ் ஏறுனதுல இருந்து கோயமுத்தூர் போய்ச் சேர்ற வரைக்கும் முணுமுணு.

3. பின்வரிசையில ஒளியாதே. நல்லா அடிக்கறவங்க பக்கத்துல, ஆசான் கை தெரியற மாதிரி நில்லு. அடி மாறப்போறது அவர் குச்சியில முன்னாடியே தெரிஞ்சுரும்.

4. அடி தவறுச்சா? துரத்திப் பிடிக்கப் பாக்காதே. பக்கத்துல இருக்கறவங்களும் தடுமாறுவாங்க. குச்சியை நிறுத்து, காலை நிறுத்தாதே. சுத்தற கயித்துக்குள்ள குதிப்போமே, அதே மாதிரி எண்ணிப் பாத்து, அடுத்த சுத்து தொடங்கறப்ப உள்ள நுழை.

5. பக்கத்துப் பறை காதுல விழலைன்னா நீ ஓங்கி அடிக்கறேன்னு அர்த்தம். நம்மூர்த் தறிக்காரங்க அத்தனை இரைச்சல்லயும் ஒரு தறி நின்னா திரும்பிப் பாப்பாங்க. அந்தக் காது வேணும். ரொம்ப நேரம் பழகறப்ப காதுக்கு அடைப்பான் வெச்சுக்கோ.

6. பனியில தோல் தொய்ஞ்சுரும், தீயில காய்ச்சோணும். ஒரே இடத்துல காட்டாம வட்டமாச் சுத்திக் காட்டு. தட்டிப் பாத்துக் கணீர்னு வந்ததும் எடுத்துரு. முதல்ல ஆசான் பக்கத்துல நின்னு பழகு. ஃபைபர் பறைக்கு இந்த வேலை இல்லை.

7. "எழவு வீட்டு மோளத்தைப் பொட்டப்புள்ள அடிக்கறதா?"ன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்ல பறையையும் சேத்திருக்கு தொல்காப்பியம். பறையிசைக்காக அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல பத்மஸ்ரீ கிடைச்சுது. ஆம்பளைங்க ஆடுன வள்ளி ஒயில் கும்மியில பொண்ணுகளையும் பழக்குன நம்ம கோவை மாவட்டத்து பத்ரப்பன் ஐயாவுக்கு அதுக்கு முந்துன வருசமே கொடுத்தாங்க. சொல்லிட்டு வகுப்புக்குக் கிளம்பு.

8. உனக்கு விழற இந்த ஒரு பேச்சை, பறையைக் காத்தவங்க தலைமுறை தலைமுறையா வாங்கியிருக்காங்க. அதனால ஆசான்கிட்ட ஃபீஸுக்குப் பேரம் பேசாதே.

ஒரு நாள், அத்தனை சத்தத்துல உன் அடி எதுன்னு உனக்கே பிரிச்சுத் தெரியாது. அன்னைக்கு அக்காவுக்கு ஒரு போன் போடு.