ஹார்ட் டிஸ்க்கை ஏன் ஓடும்போது அசைக்கக் கூடாது?

எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் பைல்கள் காப்பி ஆகும்போதே அதைக் கையில் தூக்கி நகர்த்துபவரா நீங்கள்? அக்கா கல்யாணப் படங்கள் போகும் வரை நானும் அப்படித்தான் இருந்தேன். கை நழுவி, டிஸ்க் தரையில் விழுந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே 'டிக், டிக்' சத்தம் மட்டும்.

இன்ஜினியரிங் படித்தும் நான் மறந்துபோன பள்ளிப் பாடம் இது. பஸ் சடன் பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறோம் அல்லவா? பஸ் நின்றாலும் நம் உடல் அதே வேகத்தில் போகப் பார்க்கிறது. இதுதான் நிலைமம், 1687ல் நியூட்டன் முதல் விதியாக எழுதியது. விழுந்த டிஸ்க்கின் கூடும் இப்படித்தான் சட்டென நிற்கிறது. உள்ளே ஹெட்டைத் தாங்கும் மெல்லிய கை நிற்பதில்லை. அந்த ஹெட், சுற்றும் தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலேதான் மிதக்கிறது. நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் 65 மி.மீ. தட்டின் ஓரம் மணிக்குச் சுமார் 66 கி.மீ. வேகத்தில் ஓடும். அதில் ஹெட் உரசினால், தகவல் பதிந்த பூச்சே சுரண்டப்பட்டுவிடும்.

இதே நிலைமம் உதவியும் செய்கிறது. கரண்ட் திடீரெனப் போனாலும் தட்டு உடனே நிற்காது. அந்தச் சுழற்சியில் மோட்டாரே குட்டி ஜெனரேட்டராகி, ஹெட்டைப் பத்திரமான இடத்துக்கு ஒதுக்கிவிடும். (எனக்கே இது ஆச்சரியம்தான்!)

எனவே 'சேஃப்லி ரிமூவ் ஹார்ட்வேர்' கிளிக் செய்து, கேபிளைக் கழற்றி, பத்து விநாடி பொறுத்த பிறகே டிஸ்க்கை எடுக்கவும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே இல்லை. இந்தக் கவலையும் இல்லை.

ஸ்டூடியோக்காரரின் டிவிடியில் பாதிப் படங்கள் கிடைத்தன. மீதியைப் பற்றி அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.