ஜீப்புக்குச் சொக் அப்சோபர் தெரிவு செய்தல்: கடினமானதெல்லாம் வலிமையானதா?

மீளக் குடியேறிய இடங்களிலும், இன்னும் தற்காலிகமாக வாழும் இடங்களிலும், பல குடும்பங்கள் சேர்ந்து பழைய ஜீப் ஒன்றைப் பயன்படுத்துவதைக் காண்கிறோம். விதைநெல்லும் உரமும் அதிலேதான் வருகின்றன. நெல் மூடைகள் அதிலேதான் போகின்றன. நள்ளிரவில் பாம்பு கடித்தவரையும் பேறுகாலத் தாயையும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதும் அதே வண்டிதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய வண்டி எமது கைக்கு எட்டாதது. எனவே இருக்கும் வண்டியை அறிவோடு பராமரிப்பதே வழி.

இப்பாடத்தில் ‘கூட்டிக் குறைக்கக்கூடிய’ சொக் அப்சோபர் பற்றிப் பார்ப்போம். அது யாருக்குத் தேவை? எதைப் பார்த்து வாங்குவது? எப்படிச் சரிப்படுத்துவது?

நாம் விட்ட பிழை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். எமது பொறுப்பில் இருந்த வண்டியின் பின்பக்கம் கிடங்குகளில் இறங்கும்போது ‘டம்’ என்று அடிபடத் தொடங்கியது. பாரம் தாங்கவில்லை என்று எண்ணினோம். பலரும் சேர்த்த பொதுப்பணத்தில் கூட்டிக் குறைக்கும் சொக் அப்சோபர் நான்கை வாங்கிப் பூட்டினோம். நான்கையும் ஆகக் கடினமான நிலையில் விட்டோம். சில நாட்களின் பின் ஒரு கர்ப்பிணித் தாயை இரவில் ஏற்றிச் சென்றபோது, கிடங்குக்குக் கிடங்கு அவர் துடித்தார். “தம்பி, இதைவிட லான்ட்மாஸ்ரரிலையே போயிருக்கலாம்” என்று அவருடைய தாயார் சாரதியிடம் சொன்னார். மறுநாள் வண்டியின் கீழே படுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு தகடு உடைந்திருந்தது. நாம் நோயை அறியாமல் மருந்து வாங்கியிருந்தோம்.

ஸ்பிரிங் சுமக்கிறது, சொக் அப்சோபர் அடக்குகிறது

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். தகடாக இருந்தாலும் சுருளாக இருந்தாலும் அதுவே சுமக்கிறது. ஆனால் ஒருமுறை அமுங்கிய ஸ்பிரிங் நிமிரும், மீண்டும் அமுங்கும், மீண்டும் நிமிரும். இந்த ஆட்டத்தை அடக்குவதே சொக் அப்சோபரின் வேலை.

அதனுள்ளே ஒயில் நிறைந்த உருளையும், அதில் மேலும் கீழும் ஓடும் பிஸ்ரனும் உண்டு. பிஸ்ரனிலுள்ள சிறு துவாரங்கள், வால்வுகள் வழியாக ஒயில் நெருக்கிக்கொண்டு செல்கிறது. அந்த நெருக்கத்தில் ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறுகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் பாதி மூடிக்கொண்டு அமுக்கிப் பாருங்கள். மெதுவாக அமுக்கினால் இலகுவாகப் போகும். வேகமாக அமுக்கினால் கையைத் தடுக்கும். சொக் அப்சோபரும் அப்படித்தான்.

கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகும்போது மாறுவது இந்தத் தடுப்பின் அளவு மட்டுமே. ஆகக் கடினமாக வைத்தாலும் வண்டி ஒரு மூடை நெல்லைத்தானும் கூடுதலாகச் சுமக்காது. காற்றடித்து வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தும் சொக் அப்சோபர் வேறு வகை. இரண்டையும் ஒன்றென நினைத்து ஏமாறக் கூடாது.

கடினம் கூடினால் என்ன நடக்கும்?

சில்லு மேட்டில் ஏறும்போது சொக் அப்சோபர் அமுங்குகிறது. கிடங்கில் இறங்கும்போது நீளுகிறது. பெரும்பாலான வண்டிகளில் அமுங்குவதற்கு உள்ள தடுப்பைவிட நீளுவதற்கு உள்ள தடுப்பு அதிகம்.

அமுங்கும் தடுப்பு அளவுக்கு மிஞ்சினால், கல்லில் படும் அடி நேரே வண்டியின் உடலுக்கும் அதில் இருப்பவருக்கும் போகும். பூட்டியிருக்கும் இடங்களும் வெடிக்கலாம். நீளும் தடுப்பு மிஞ்சினால் வேறொரு தீமை உண்டு. அலை அலையாக வரிவிழுந்த கிரவல் வீதியில் ஸ்பிரிங் நிமிர நேரமின்றி அடுத்த மேடு வந்துவிடும். வண்டி சிறிது சிறிதாகப் பதிந்து, கடைசியில் இறப்பர் முட்டில் இடிக்கத் தொடங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, ‘இன்னும் கடினமாக்க வேண்டும்’ என்று குமிழை மேலும் திருகுபவர்கள் உண்டு. அது எரிகிற அடுப்புக்கு விறகு தள்ளுவது போன்றது.

மறுபுறம், தடுப்பு மிகக் குறைந்தால் சில்லு நிலத்தைவிட்டுத் துள்ளும். பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்கத் தூரம் எடுக்கும். வளைவில் சரியும். ஆகவே கடினமும் மென்மையும் பாரத்துக்கும் பாதைக்கும் ஏற்றபடி இருக்க வேண்டும்.

கிடைக்கும் வகைகள்

1. வெளியே குமிழ் உள்ளவை. ராஞ்சோ நிறுவனத்தின் ஆர்.எஸ். 9000 வரிசை இதற்கு நல்ல உதாரணம். வண்டியிலிருந்து கழற்றாமலே குமிழைத் திருகி 9 நிலைகளில் வைக்கலாம். பாரம் அடிக்கடி மாறும் வண்டிக்கு இது வசதி.

2. கழற்றிச் சரிப்படுத்துபவை. ஒல்லாந்து நாட்டின் கொனி நிறுவனத்தின் ஹெவி ட்ராக் வரிசையில் இவ்வகை உண்டு. ஒரு முனையைக் கழற்றி, முழுவதும் அமுக்கிக்கொண்டு திருக வேண்டும். நீளும் தடுப்பு மட்டுமே மாறும். நாளாந்தம் மாற்றுவதற்கு இது உதவாது. ஆனால் காலப்போக்கில் தேய்ந்து மென்மையானால், தடுப்பைக் கூட்டி மேலும் பாவிக்கலாம்.

3. இரண்டையும் தனித்தனியே மாற்றுபவை. அவுஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஓல்ட் மான் ஈமு பி.பி.-51 இத்தகையது. அமுங்கும் தடுப்புக்கு ஒன்றும் நீளும் தடுப்புக்கு ஒன்றுமாக இரண்டு திருகிகள் உண்டு. சிறந்த பொருள், ஆனால் விலை மிக அதிகம். எமது கிராமத் தேவைக்கு மிஞ்சியது.

4. சாரதியின் இருக்கையிலிருந்து மாற்றுபவை. 1991இல் வந்த இரண்டாம் தலைமுறை மிற்சுபிஷி பஜெரோவின் சில வண்டிகளில், மென்மை, நடுத்தரம், கடினம் என மூன்று நிலைக்கு ஓர் ஆளி உண்டு. இத்தகைய பழைய வண்டியை வாங்குவோர், ஆளியை அழுத்தும்போது உண்மையில் மாற்றம் ஏற்படுகிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். அதன் மின்பகுதி பழுதாகியிருக்கலாம், அல்லது முன்பிருந்தவர் சாதாரணமானதைப் பூட்டியிருக்கலாம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் ஸ்பிரிங் தகடுகள், புஷ்கள், ரயரின் காற்று என்பவற்றைச் சோதியுங்கள். இவற்றில் ஒன்று கெட்டிருந்தால் எந்தச் சொக் அப்சோபரும் உதவாது. மெல்லிய ஒயில் ஈரம் மட்டும் இருந்தால் பயமில்லை. ஒயில் வடிந்து ஓடினால் மாற்ற வேண்டும். ரயர் ஆங்காங்கே குழி விழுந்தது போல் தேய்ந்திருப்பதும் ஓர் அறிகுறி. கரடுமுரடான பாதையில் ஓடி வந்தவுடன் நான்கையும் புறங்கையால் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது வேலை செய்யவில்லை.

நீளம் மிக முக்கியம். நீளம் கூடினால், வண்டி இறப்பர் முட்டில் தொடுமுன்பே சொக் அப்சோபர் உள்ளே முட்டி உடையும். நீளம் குறைந்தால் சில்லு முழுவதும் கீழே இறங்காது. வண்டியை உயர்த்தியிருந்தால் அந்த உயரத்தையும் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். மேல் முனையும் கீழ் முனையும் வளையமா, திருகாணித் தண்டா என்பதையும் பார்த்துச் செல்லுங்கள்.

ஒற்றைக் குழாயா, இரட்டைக் குழாயா என்றும் கேளுங்கள். ஒற்றைக் குழாய் வெப்பத்தை விரைவில் வெளிவிடும். ஆனால் கல் பட்டுச் சுவர் நசுங்கினால் பிஸ்ரன் இறுகிவிடும். இரட்டைக் குழாயில் வெளிச்சுவர் சற்று நசுங்கினாலும் உள்ளே வேலை நடக்கும். கல் தெறிக்கும் பாதையில் மெதுவாக ஓடும் எமது வண்டிகளுக்கு இரட்டைக் குழாய் பெரும்பாலும் போதும்.

எப்போதும் ஓர் அச்சின் இரண்டையும் சோடியாகவே மாற்ற வேண்டும்.

யாருக்குத் தேவை?

பாரம் என்றும் ஒரே அளவாக இருந்தால், ஸ்பிரிங்குக்குப் பொருந்தும் நல்ல சாதாரண சொக் அப்சோபரே போதும். காலையில் நோயாளியோடும் மாலையில் நெல் மூடைகளோடும் ஓடும் வண்டியானால், குமிழ் உள்ளது பயன்தரும். அப்போதும் பாரம் பெரிதாக மாறுவது பின்பக்கமே. ஆகவே பணம் குறைவானால் பின் அச்சுக்கு மட்டும் வாங்கலாம். ஆனால் பாரத்துக்கேற்ப மாற்றிவைக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். திருகப்படாத குமிழுக்குக் கொடுத்த பணம் வீண்.

சரிப்படுத்தும் முறை

ரயரின் காற்றை முதலில் சரியாக்குங்கள். வெறும் வண்டியை ஆக மென்மையான நிலையில் வைத்து, நன்கு தெரிந்த ஒரு பாதையில் ஓட்டுங்கள். மேட்டைத் தாண்டியபின் வண்டி தொடர்ந்து ஆடினால் ஒரு படி கூட்டுங்கள். ஒரே அசைவில் அடங்கியதும் நிறுத்துங்கள். அந்த இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள். வழமையான பாரத்தை ஏற்றி மீண்டும் இப்படியே செய்யுங்கள். இடமும் வலமும் ஒரே இலக்கத்தில் இருக்க வேண்டும். நோயாளியை ஏற்றுமுன் குமிழைக் குறைந்த இலக்கத்துக்கு இறக்க மறவாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. பல சொக் அப்சோபர்களில் ஒயிலோடு நைதரசன் வாயுவும் அழுத்தத்தில் அடைக்கப்பட்டுள்ளது. பழையதை வெட்டுவதோ, துளைப்பதோ, நெருப்பில் போடுவதோ உயிருக்கு ஆபத்து. பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம்.

நாம் உடைந்த தகட்டை மாற்றினோம். குமிழ்களை ஒவ்வொரு படியாக இறக்கிச் சரிபார்த்தோம். அந்தத் தாய் பிள்ளையோடு வீடு திரும்பியது அதே வண்டியில்தான். பின்னால் இருந்த பேர்த்தியார் இம்முறை லான்ட்மாஸ்ரரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கலந்துரையாடலுக்கு

1. எமது பொது வண்டி ஒரு வாரத்தில் எத்தனை நாள் பாரத்தோடும், எத்தனை நாள் ஆட்களோடும் ஓடுகிறது?

2. அதன் ஸ்பிரிங், புஷ், ரயர் என்பவற்றைக் கடைசியாக யார், எப்போது சோதித்தார்?

3. பொதுப்பணத்தில் ஒரு பொருளை வாங்குமுன், பழுது எது என்பதை யார் யார் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும்?