வயல்வேலியும் யானையும்

பெரும்போக நெற்கதிர் முற்றும் வேளையில் யானைக்கூட்டம் ஒன்று ஓரிரவு புகுந்தாற் போதும், கமக்காரனின் நான்கு மாத உழைப்புச் சேற்றோடு சேறாகிவிடும். உலர்வலயத்தார் இதனை நன்கறிவர். அந்த யானையோ உலகில் அருகிவரும் விலங்கினங்களுள் ஒன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் காணப்பட்டன. 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்டவை மாண்டன. யானைகளால் உயிரிழந்த மக்களும் அவ்வாண்டில் 100 பேருக்கு மேல்.

யானைகளைக் காட்டினுள் துரத்தி அடைத்துவிட்டால் தொல்லை தீரும் என்பது நெடுநாளைய எண்ணம். ஆனால், யானை நடமாடும் நிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பங்கில் மக்களும் குடியிருக்கின்றனர். காட்டெல்லைகளில் இடப்பட்ட மின்வேலிகள் பலவற்றின் இருமருங்கிலும் யானைகள் உண்டு. ஊருக்குத் தொலைவான அவ்வேலிகளை நாள்தோறும் பார்ப்பார் இல்லை. கொடி படர்ந்து மின்வலு குன்றியதும், யானை கட்டையைச் சாய்த்துவிட்டு வருகின்றது.

குருநாகல் மாவட்டத்துக் கல்கமுவைப் பகுதியில் வேறொரு முறை கையாளப்பட்டது. அங்கு வேலி காட்டைச் சுற்றியன்று, வயல்வெளியைச் சுற்றியே இடப்பட்டது. அதற்கு உரியவரும் பொறுப்பாளரும் அவ்வயற் கமக்காரரே. அவர்கள் சங்கமாகக் கூடி, விதைப்பின்போது கட்டை நட்டுக் கம்பி இழுப்பர்; முறைவைத்துச் சுற்றிப்பார்த்துக் கம்பியைத் தொடும் புல்லையும் கொடியையும் வெட்டுவர்; அறுவடை முடிந்ததும் கம்பியைக் கழற்றிச் சுருட்டிவைப்பர். கழற்றுவதே இம்முறையின் உயிர்நிலை. வறண்ட மாதங்களில் அரிதாளும் வயற்புல்லும் யானைக்கு இரையாகின்றன; ஆண்டு முழுதும் வேலியோடு போராடி அதனை உடைக்கப் பழகும் வாய்ப்பும் யானைக்குக் குறைகின்றது. ஊரார் பராமரிக்கும் இத்தகைய வேலிகளை 2020ஆம் ஆண்டின் தேசிய செயற்றிட்டமும் விதந்துரைத்தது.

இவ்வேலியில் மின்சாரம் விட்டுவிட்டு, நொடியினும் மிகச் சிறிய துடிப்பாகப் பாயும். அது யானையை அதிரச் செய்யுமேயன்றிக் கொல்லாது. வீட்டு மின்கம்பியிலிருந்து நேரே இணைப்புக் கொடுப்பது முற்றிலும் வேறு, அது சட்டவிரோதம். இருளில் தண்ணீர் கட்டச் செல்லும் அயலவனும் அதிலே மாள்வான். பூசணிக்காயினுள் வெடி மறைத்துவைக்கும் ‘ஹக்கபட்டாஸ்’ கொடுமையும் விலக்கப்பட்டதே. அதனைக் கடித்த யானை வாய் சிதைந்து, உண்ண இயலாது பல நாள் துன்புற்றுச் சாகும்.

மரக்கறித் தோட்டங்கள் பெரும்பாலும் வீடுகளை அடுத்திருப்பதால், அவற்றுக்கு ஊரைச் சுற்றிய நிலையான வேலியே பொருந்தும். வயல்வேலி இட விரும்புவோர் முன்னதாகவே கமநல சேவை நிலையத்தையும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள உத்தியோகத்தரையும் கலந்துகொள்ளல் வேண்டும். விதைக்கும் நாளோடு கம்பி கழற்றும் நாளையும் போக ஆரம்பக் கூட்டத்திலேயே தீர்மானித்தல் நன்று. ஒருவர் பிந்தி விதைத்தால், அவருடைய ஒரு துண்டு நிலத்துக்காக வேலி முழுவதும் நிற்க நேரிடும்.