எல்லையில் இருப்பவரோடு பேசுவோம்

நம் நாட்டின் எல்லை மிக நீளமானது. பனி மலையில் ஒரு பகுதி. பாலைவனத்தில் ஒரு பகுதி. அடர்ந்த காட்டில் ஒரு பகுதி. எல்லா இடத்திலும் படைவீரர்கள் இரவு பகலாகக் காவல் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஊரில் தாய் தந்தை உண்டு. மனைவி மக்கள் உண்டு. வீட்டார் குரலைக் கேட்க அவர்கள் மனம் ஏங்கும் அல்லவா? அதிகச் செலவு இல்லாமல் அவர்களோடு பேசுவது எப்படி? தெரிந்துகொள்வோம்.

அன்று

முன்பெல்லாம் கடிதம்தான் துணை. படைவீரருக்கு எழுதும் கடிதத்தில் அவர் இருக்கும் ஊரின் பெயர் இருக்காது. படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றை எழுத வேண்டும். அதன் கீழே '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்று எழுத வேண்டும். ராணுவ அஞ்சல் பிரிவு அதை உரியவரிடம் சேர்த்துவிடும். படை எங்கே இருக்கிறது என்பது பகைவருக்குத் தெரியக் கூடாது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

பிறகு ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. பகலில் பேசினால் முழுக் கட்டணம். இரவில் கட்டணம் குறையும். அதனால் மக்கள் இரவில் வரிசையில் நின்று பேசினார்கள். மீட்டர் ஓட ஓட மனமும் பதறும். பாதிப் பேச்சிலேயே போனை வைத்தவர்கள் பலர்.

டவர் இல்லாத இடத்தில்

லடாக்கில் சியாச்சின் என்ற பனியாறு இருக்கிறது. 1984 முதல் அங்கே நம் படை காவல் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 50 டிகிரி வரை இறங்கும். அப்படிப்பட்ட இடங்களில் செயற்கைக்கோள் தொலைபேசி உதவுகிறது. அதற்கு அருகில் டவர் தேவையில்லை. பேச்சு நேராக வானில் உள்ள செயற்கைக்கோளுக்குப் போகும். அங்கிருந்து தரை நிலையத்துக்கு வரும். பிறகு நம் வீட்டுப் போனில் மணி அடிக்கும்.

முன்பு இதில் பேச வீரருக்கு நிமிடத்துக்கு 5 ரூபாய் ஆனது. மாதக் கட்டணம் 500 ரூபாய் தனி. 2017 தீபாவளி முதல் நிமிடத்துக்கு 1 ரூபாய் என்று அரசு குறைத்தது. மாதக் கட்டணத்தையும் நீக்கியது.

இப்போது டவர்களும் மலை ஏறிவிட்டன. 2023 அக்டோபரில் சியாச்சின் பகுதியில் 15,500 அடிக்கு மேல் பி.எஸ்.என்.எல். டவர் அமைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் ஜியோவின் 5ஜி சேவையும் சியாச்சினுக்கு வந்தது.

செலவைக் குறைக்கும் வழிகள்

1. சரியான சிம் வேண்டும். ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளி மாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. மாதா மாதம் பில் கட்டும் போஸ்ட்பெய்டு சிம் வேலை செய்யும். விடுப்பு முடிந்து கிளம்பும் முன்பே இதைக் கவனிக்க வேண்டும்.

2. வீட்டுப் போனுக்கு ரீசார்ஜ் நாள் தவறக் கூடாது. தவறினால் சில நாளில் வரும் அழைப்பும் நின்றுவிடும். இணையம் வேண்டாதவர்கள் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் உள்ள திட்டத்தைக் கடையில் கேட்டு வாங்கலாம். அப்படி ஒரு திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் ஆணையம் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது.

3. ஐ.நா. அமைதிப் படைக்காகத் தெற்கு சூடான் போன்ற நாடுகளுக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கிருந்து சாதாரண அழைப்புக்கு அதிகச் செலவாகும். இணையம் வழியாகப் பேசினால் செலவு குறையும். படம் பார்த்துப் பேசுவதை விடக் குரலில் மட்டும் பேசினால் இணையம் குறைவாகச் செலவாகும்.

4. சிக்னல் அடிக்கடி அறுந்து போகிறதா? குரலைப் பதிவு செய்து அனுப்பலாம். சிக்னல் கிடைக்கும்போது அது போய்ச் சேரும்.

முன்கூட்டியே பேசி வைப்போம்

ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசுகிறார்கள். கேளுங்கள்.

"ஏம்மா, பத்து நாளா போன் வரலியே. எனக்கு வயித்தைக் கலக்குது."

"பயப்படாதீங்க அத்தை. மேலே காவலுக்குப் போறேன், ரெண்டு வாரம் பேச முடியாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாரு. காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன். இன்னும் நாலு நாள் இருக்கு."

"எந்த மலைன்னு கேட்டியா?"

"அதை நாம கேக்கக் கூடாது அத்தை. அவரும் சொல்ல மாட்டாரு."

"போன் வந்தா என்கிட்டயும் குடு. சட்டுன்னு கட்டாயிடுது."

"முதல்ல நீங்க பேசுங்க. பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டது, பேங்க் விஷயம் எல்லாம் சீட்டுல எழுதி வச்சிருக்கேன். அதைப் பார்த்து நான் சொல்லிடறேன்."

இந்த மருமகள் செய்தது நல்ல வேலை. பேச முடியாத நாட்களைக் குறித்து வைத்தாள். சொல்ல வேண்டியதை எழுதி வைத்தாள். ஐந்து நிமிடம் கிடைத்தாலும் போதும். முக்கியமான செய்தி விட்டுப் போகாது.

கவனம் தேவை

வீரர் இருக்கும் இடத்தைப் போனில் கேட்கக் கூடாது. அவர் அனுப்பிய படத்தை மற்றவருக்கு அனுப்பக் கூடாது. படை தடுத்த செயலியை வைத்துக்கொள்ளும்படி அவரை வற்புறுத்தக் கூடாது. 2020-ல் 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கும்படி ராணுவம் வீரர்களிடம் சொன்னது.

'உங்கள் மகனுக்கு விபத்து. உடனே பணம் அனுப்புங்கள்' என்று யாராவது பேசலாம். பதறிப் பணம் அனுப்பக் கூடாது. மகனின் படைப்பிரிவு எண்ணை வீட்டில் எழுதி வைத்திருந்தால், அங்கே கேட்டு உண்மையை அறியலாம். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தால் திருப்பி அழைக்கக் கூடாது. நம் நாட்டு எண் +91 என்று தொடங்கும். + குறிக்குப் பின் வேறு எண் இருந்தால் அது வெளிநாட்டு அழைப்பு. அதற்குக் காசு அதிகம் போகும்.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால் இவை எல்லாம் எளிது. போன் போட அடுத்த வீட்டுப் பையனைத் தேட வேண்டாம். கணவனிடம் சொல்ல வேண்டியதை அடுத்தவர் காது படச் சொல்ல வேண்டாம்.

பயிற்சி

கணக்குப் போடுவோம்:

ஒரு வீரர் வாரம் 2 முறை பேசுகிறார். ஒவ்வொரு முறையும் 10 நிமிடம். 4 வாரத்தில் எத்தனை நிமிடம்? நிமிடத்துக்கு 5 ரூபாயும் மாதக் கட்டணம் 500 ரூபாயும் என்றால் மொத்தம் எவ்வளவு? நிமிடத்துக்கு 1 ரூபாய் மட்டும் என்றால் எவ்வளவு? மிச்சம் எவ்வளவு?

(விடை: 80 நிமிடம், 900 ரூபாய், 80 ரூபாய், மிச்சம் 820 ரூபாய்.)

விடை சொல்வோம்:

1. படைவீரர் முகவரியில் ஊர்ப் பெயர் ஏன் இல்லை?
2. லடாக்கில் எந்த வகை வெளி மாநில சிம் வேலை செய்யாது?
3. மருமகள் எவற்றை எழுதி வைத்தாள்?

எழுதிப் பழகுவோம்:

உங்கள் ஊரில் படைக்குப் போனவர் வீடு இருக்கிறதா? அங்கே போங்கள். சுவரில் மாட்ட ஒரு அட்டை எழுதிக் கொடுங்கள். அதில் வீரரின் எண், படைப்பிரிவு எண், ரீசார்ஜ் முடியும் நாள், 1930 ஆகிய நான்கும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.