கடைக் கம்ப்யூட்டரில் உட்காரப் போகும் தம்பி தங்கைகளுக்கு

பிரவுசிங் சென்டரிலோ இ-சேவை மையத்திலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். டைப்பிங் வேகம் போகப் போக வந்துவிடும். கீழே உள்ளவை முதல் நாளிலிருந்தே கையோடு இருக்க வேண்டும்.

1. வந்தவரின் ஃபைல் அவருடையது. பிரிண்ட் எடுத்ததும் அழித்துவிடுங்கள். இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் பெயரின் முதல் 4 எழுத்து, பிறந்த ஆண்டு, அவ்வளவுதான் அந்தப் பாஸ்வேர்டு. அடுத்து வந்து உட்காருபவரும் அதே ஊர்க்காரர், இரண்டும் அவருக்குத் தெரிந்திருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர், ரீசைக்கிள் பின் இரண்டையும் காலி செய்யுங்கள். கடை வாட்ஸ்அப்புக்கு வந்த படம் போன் கேலரியிலும் கிடக்கும், மறந்துவிடாதீர்கள்.

2. ஆதார் எண் முழுவதும் தேவைப்படாத இடங்களுக்குக் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும். கேட்காவிட்டாலும் எடுத்துச் சொல்லுங்கள்.

3. டிஎன்பிஎஸ்சி பதிவோ கல்லூரி விண்ணப்பமோ, விண்ணப்பதாரரின் சொந்த போன் எண்ணையும் மெயிலையும் போடுங்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கடை எண்ணைப் போடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது பெரிய அநியாயம். ஹால் டிக்கெட் எடுக்கும் நாளில் ஓடிபி கேட்டால், அது கடை போனுக்குத்தான் வரும். கடை பூட்டியிருந்தால் அந்தப் பிள்ளை யாரிடம் போய் நிற்கும்? மெயில் ஐடி இல்லையென்றால் அவர் போனிலேயே தொடங்கிக் கொடுத்து, பாஸ்வேர்டை அவரையே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

4. சப்மிட் கொடுக்கும் முன் பெயர், பிறந்த தேதி, இனம், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் அவரையே திரையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், ஆனால் கடையில் நிற்பவர்கள் காதில் விழாமல்.

5. ஓடிபி எதற்கு வந்தது என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஓடிபியோ பாஸ்வேர்டோ, சொன்ன வேலைக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66சி-யின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

6. மார்க் ஷீட்டிலோ வருமானச் சான்றிலோ ஒரு எண்ணை மட்டும் மாற்றிக் கொடுக்கச் சொல்லி வருவார்கள். தெரிந்தவராக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள இன்னொரு பிள்ளையின் இடம் அதில் போய்விடுகிறது.

7. கிராக் போட்ட சாஃப்ட்வேர் வேண்டாம். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லித்தான் பல கிராக்குகள் உள்ளே வருகின்றன. அதோடு திருட்டு நிரலும் வந்தால், வாடிக்கையாளர்களின் சான்றிதழ்கள் யார் கைக்குப் போகும் என்று தெரியாது. விண்ணப்பமும் கடிதமும் அடிக்க லிப்ரே ஆபிஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

8. வீணான பிரிண்டைக் கிழித்துப் போடுங்கள். பழைய பேப்பர் கட்டோடு எடைக்குப் போடாதீர்கள்.

9. கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்று பதறி யாராவது வந்தால், கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு, சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் போட்டுக் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மட்டும் காசு வாங்காதீர்கள்.