பயிரின் நோயைக் காணொளி அழைப்பில் தெளிவாகக் காட்டும் முறை

(நெல், மரக்கறிச் செய்கையாளருக்கானது)

முன்னுரை

பயிருக்கு வந்த நோய் இன்னதென்று அறிவதற்கு முதலில் வேண்டுவது கண். மருந்து அதன் பின்னரே வேண்டப்படும். பெரியநீலாவணையிலும் அதனையடுத்துள்ள கல்முனைப் பகுதிக் கரையோர ஊர்களிலும் வாழும் கமக்காரர் பலருக்கு வீடு ஓரிடத்தும் வயல் வேறோரிடத்தும் உள்ளன. வீடு கடலையடுத்த மணற்பாங்கான நிலத்தில் இருக்க, வயலோ மேற்கேயுள்ள வட்டைகளிற் கிடக்கின்றது. விவசாயப் போதனாசிரியர் ஒருவர் பல கிராமங்களுக்குப் பொறுப்பாக உள்ளமையால், அழைத்த அன்றே ஒவ்வொரு வரம்புக்கும் வந்து சேர்தல் அவருக்கு இயலாது.

விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசிச் சேவை மூலம் கமக்காரர் ஆலோசனை பெறலாம். எனினும், “இலை மஞ்சளாகிவிட்டது” என்ற ஒரு சொல் பல நோய்களுக்கும், பசளைக் குறைவுக்கும், உவர்த்தன்மைக்கும் ஒருங்கே பொருந்தும். சொல்லால் விளங்காததைப் படத்தால் விளக்கலாம். இன்று பெரும்பாலான கமக்காரரின் கையிலுள்ள தொடுதிரைத் தொலைபேசி, போதனாசிரியரின் கண்ணை வயலுக்கே கொண்டுவரவல்லது. ஆனால் தொலைபேசி எதைக் காட்டுகின்றதோ அதை மாத்திரமே அவர் காண்பார். ஆகவே தெளிவாகக் காட்டும் முறையைக் கற்றுக்கொள்ளுதல் அவசியமாகும்.

தெளிவற்ற படத்தால் விளையும் கேடு

கமக்காரர் ஒருவர் பொழுது சாயும் வேளையில் வரம்பில் நின்று அழைக்கின்றார் என வைத்துக்கொள்வோம். திரையிற் காணப்படுவது, பச்சை வயலின் நடுவே கபில நிறமான ஒரு வட்டம் மட்டுமே. கபிலநிறத் தத்தி பயிரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாற்றை உறிஞ்சும் பூச்சியாகும். வரம்பிலிருந்து பிடித்த படத்தில் அது ஒருபோதும் தோன்றாது. அவ்வட்டத்தைத் தத்தியின் தாக்கம் என்றோ, எரிபந்த நோய் என்றோ, நீர் வற்றிய மேட்டிடம் என்றோ எவராலும் துணிந்து கூறமுடியாது.

எரிபந்தம் பங்கசினால் வரும் நோய். பூச்சிநாசினி அதைத் தீர்க்காது. தத்தியோ பூச்சி, பங்கசுநாசினி அதைக் கொல்லாது. உறுதியின்றி மருந்து விசிறும் கமக்காரர் மருந்தின் விலையையும், விசிறுங் கூலியையும், பயிரைக் காப்பாற்றக் கூடிய நாட்களையும் ஒருங்கே இழக்கின்றார். அன்றியும், தேவையற்ற பூச்சிநாசினி தத்தியைத் தின்னும் சிலந்தி முதலிய நன்மைதரும் உயிரினங்களைக் கொல்வதால், தத்தி முன்னிலும் பெருகும். ஒரு தெளிவற்ற படத்தின் விலை ஒரு போகத்தின் விளைச்சலாகவும் இருக்கலாம்.

2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அம்பாறை மாவட்டத்துச் சோளச் செய்கையைத் தாக்கிய படைப்புழுவை இங்கு நினைவுகூரலாம். அதன் தலையில் தலைகீழான ‘ஒய்’ எழுத்தைப் போன்ற வெளிறிய கோடும், வாற்பக்கத்திற் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளுமே அதனை ஏனைய புழுக்களினின்றும் பிரித்தறியும் அடையாளங்கள். இவை கிட்டப் பிடித்த தெளிவான படத்தில் மட்டுமே புலப்படும்.

தொலைபேசியை ஆயத்தப்படுத்துதல்

அழைப்புக்கு முந்திய இரவே பின்வருவனவற்றைச் செய்துகொள்ளுதல் நன்று.

1. பற்றரியை முழுமையாக மின்னேற்றுக. காணொளி அழைப்பு, சாதாரண அழைப்பிலும் பன்மடங்கு மின்னை உட்கொள்ளும்.

2. கமராவின் கண்ணாடியைத் தூய பருத்தித் துணியால் துடைக்க. விரலின் எண்ணெய்ப் பசையும் பசளைத் தூசும் படத்தை மங்கச் செய்யும் முதற் காரணங்களாகும்.

3. வட்ஸ்அப் போன்ற செயலியின் அமைப்புகளிற் சென்று, அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டாவைப் பயன்படுத்தும் தெரிவு நிறுத்தப்பட்டுள்ளதா எனப் பார்க்க. அது இயங்கிக்கொண்டிருப்பின் படத்தின் தரம் குறையும். தொலைபேசியிலேயே உள்ள டேட்டாச் சேமிப்பு முறையையும் அழைப்பு முடியும்வரை நிறுத்திவைக்க.

4. ஏனைய செயலிகளை மூடுக. தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் செயலிகள், அழைப்புக்கு வேண்டிய அலைவலுவைப் பங்கிட்டுக்கொள்ளும்.

5. டேட்டா மீதி போதியதா எனப் பார்க்க. சாதாரண காணொளி அழைப்புக்கு நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 5 மெகாபைற்று செலவாகும் எனக் கொள்ளலாம். பத்து நிமிட அழைப்புக்கு 50 மெகாபைற்றும், அதற்கு மேற் சிறிது கையிருப்பும் வேண்டும்.

தொடர்பின் வலு

தொலைபேசியிற் படம் தடையின்றிப் பார்க்க முடிகின்றது, ஆயின் அழைப்பு மட்டும் உறைந்து நிற்கின்றது எனச் சிலர் குறைகூறுவர். இதன் காரணம் எளிது. படம் பார்ப்பவர் செய்திகளைப் பெறுகின்றார். வயலைக் காட்டுபவரோ செய்திகளை அனுப்புகின்றார். கோபுரத்திலிருந்து வரும் வழியிலும், கோபுரத்துக்குச் செல்லும் வழி பெரும்பாலும் ஒடுங்கியதாகவே இருக்கும். எனவே அனுப்பும் வேகமே காணொளி அழைப்பின் தரத்தைத் தீர்மானிக்கின்றது.

அலை நலிவாக உள்ளவிடத்துச் செய்யத்தக்கவை: மரச்செறிவையும் சீமெந்துக் கட்டடங்களையும் விட்டு விலகி, வெளியான வரம்பில் நிற்க. தொலைபேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றிச் சில வினாடிகளின் பின் மீட்டால், அது கோபுரத்தைப் புதிதாகத் தேடிக்கொள்ளும். இணைப்பு 4ஜி எனக் காட்டுகின்றதா என்பதையும் கவனிக்க.

இவற்றால் பயனில்லையெனின் படத்தை நிறுத்தி, குரலால் மட்டும் உரையாடுக. அதன் பின் வயலிலேயே நிழற்படங்களும் அரை நிமிடக் காணொளி ஒன்றும் எடுத்து, அலை வலுவாயுள்ள இடத்துக்கு வந்து அனுப்புக. வட்ஸ்அப்பில் 2023ஆம் ஆண்டு முதல் உயர் தெளிவுடன் நிழற்படம் அனுப்பும் வசதி உண்டு. அதனைத் தெரிவுசெய்யாவிடின் செயலி படத்தைச் சுருக்கிவிடும். இலைப்புள்ளியின் ஓரம் அழிந்து போகும். உறைந்து நிற்கும் அழைப்பிலும், பின்னர் வந்து சேரும் தெளிவான நிழற்படம் நான்கே மேலானது.

வெளிச்சம், காற்று, கையசைவு

வெளிச்சம்: காலை ஏழு மணி முதல் பத்து மணிவரை உள்ள நேரம் சிறந்தது. காட்டுபவரின் முதுகுப் புறத்தே சூரியன் இருத்தல் வேண்டும். சூரியனை எதிர்நோக்கிப் பிடித்தால் வானம் ஒளிரும், பயிர் கருநிழலாகும். வயலில் தேங்கிய நீரும் வானத்தைப் போலவே ஒளியைத் தெறிக்கச் செய்வதால், பயிரின் அடியைக் காட்டும்போது அதன் பின்னால் ஒரு மட்டையையோ உள்ளங்கையையோ பிடித்தல் வேண்டும். உச்சி வெயிலிற் தொலைபேசியே சூடேறித் தரங்குன்றும்; அந்நேரத்தைத் தவிர்க்க.

காற்று: கச்சான் வீசும் மாதங்களில் காற்றின் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். காற்றுக்கு முதுகுகாட்டி நிற்க. ஒலிவாங்கியுள்ள செவிப்பொறி இருப்பின் அதனைப் பயன்படுத்துக. இலை ஆடாதவாறு விரலாற் பிடித்துக்கொள்க.

கையசைவு: அசையும் படத்தை அனுப்ப மிகுந்த டேட்டா வேண்டும். அலை போதாவிடின் செயலி படத்தைக் கட்டங்கட்டமாகச் சிதைத்துவிடும். முழங்கைகள் இரண்டையும் விலாவோடு சேர்த்து, ஒவ்வொரு காட்சியிலும் ஐந்து வினாடிக்குக் குறையாமல் நிற்க. முகத்தைக் காட்டும் முன்புறக் கமராவை விடுத்துப் பின்புறக் கமராவையே பயன்படுத்துக. பெரும்பாலான தொலைபேசிகளில் அதுவே தெளிவுமிக்கது. இலைக்கும் தொலைபேசிக்கும் ஒரு சாண் அளவு இடைவெளி விடுக. அதனினும் மிகக் கிட்டச் சென்றாற் படம் கலங்கும். விரலால் திரையை விரித்துப் பெரிதாக்குவதிலும் தொலைபேசியை அண்மிக்கச் செய்வது மேல்.

இயன்றவரை இருவர் வயலுக்குச் செல்லுதல் நன்று. ஒருவர் தொலைபேசியைப் பிடிக்க, மற்றவர் பயிரை விலக்கிக் காட்டலாம்.

காட்டும் ஒழுங்கு

போதனாசிரியர் நேரில் வந்தால் எந்த ஒழுங்கிற் பார்ப்பாரோ அதே ஒழுங்கிற் காட்டுதல் வேண்டும்.

முதலாவது, வயல் முழுவதும்: பாதிப்பு வட்டமாக உள்ளதா, வாய்க்கால் ஓரத்தில் உள்ளதா, எங்கும் பரவியுள்ளதா என்பது இதனால் தெரியும்.

இரண்டாவது, நோயுற்ற பயிரும் நலமான பயிரும் அருகருகே.

மூன்றாவது, ஓர் இலை. அதனை வெள்ளைத் தாளின் மீது வைத்து மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் காட்டுக. அது முதிர்ந்த இலையா இளம் இலையா என்பதையும் சொல்லுக.

நான்காவது, பயிரின் அடியும் வேரும்.

இனி, வினவப்படும் வினாக்களுக்கு விடை ஆயத்தமாக இருக்கவேண்டும். விதைத்த நாள், நெல்லினம், கடைசியாக யூரியா இட்ட நாளும் அளவும், விசிறிய மருந்தின் பெயர், வயலில் நீர் நின்ற நாட்கள் என்பனவே அவை. மருந்துப் போத்தலின் சிட்டையையும் கமராவிற் காட்டுக.

பயிருக்கேற்பக் கவனிக்க வேண்டியவை

தத்தி: பயிரை இரு கையாலும் விலக்கி, நீர்மட்டத்தையடுத்த அடிப்பகுதியைக் காட்டுக. பயிரை மெல்லத் தட்டினாற் பூச்சிகள் நீரில் விழுவதும் காணப்படும்.

எரிபந்தம்: நடுவிற் சாம்பல் நிறமும் ஓரத்திற் கபில நிறமுங் கொண்டு, இரு முனையும் கூரிய கண் வடிவான புள்ளிகளைக் கிட்டக் காட்டுக.

தண்டு துளைப்பான்: காய்ந்த நடுக்குருத்தை இழுத்துக் காட்டுக. அது எளிதிற் கழன்று வருமாயின் ஐயம் உறுதிப்படும்.

நுனியிலிருந்து காயும் இலை: பக்றீரியா இலை வெளிறல், பொற்றாசியக் குறைவு, உவர் ஆகிய மூன்றும் தொலைவிலிருந்து ஒன்றுபோலவே தோன்றும். புதிதாகத் தாக்குண்ட இலையை நறுக்கி, தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் அதன் வெட்டுமுனையைச் சில நிமிடம் தோய்த்துக் காட்டுக. பால்போன்ற கசிவு இறங்கினால் அது பக்றீரியா. பொற்றாசியக் குறைவு முதிர்ந்த இலைகளில் முதலிற் தோன்றும். கடலையும் வாவியையும் அண்டிய தாழ்நிலங்களில் உவரையும் மறத்தலாகாது. அங்கு மண்ணின் மேற்பரப்பையும் காட்டுக.

மிளகாய்: இலை மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சியும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியும் ஐயுறப்படும். இரண்டுக்கும் மருந்து வேறு. ஆகவே சுருளின் திசை தெரியுமாறு பக்கவாட்டிலும், பூச்சி தெரியுமாறு இலையின் கீழ்ப்புறத்திலும் படம் பிடிக்க.

கத்தரி: வாடிய குருத்தையும் துளையிட்ட காயையும் நெடுக்காகப் பிளந்து உள்ளிருக்கும் புழுவைக் காட்டுக.

வயல் விழாவை நேரலையாகக் காட்டுதல்

கமக்காரர் அமைப்புகள் தமது வயல் விழாவையோ செய்முறை விளக்கத்தையோ, வரமுடியாத அங்கத்தவர்க்கு நேரலையாகக் காட்டலாம். இதற்குத் தொலைபேசியைக் கையிற் பிடித்தலாகாது. முக்காலியிலோ நிலத்தில் நாட்டிய தடியிலோ இறுகக் கட்டி, கிடையாக வைத்தல் வேண்டும். பேசுபவர் ஒலிவாங்கியை அணிந்திருத்தல் நன்று. படம் சற்று மங்கினும் பொறுப்பர், பேச்சு கேளாவிடின் எவரும் இருந்து பாரார்.

செக்கனுக்கு 15 இலட்சம் பிற்று வீதம் அனுப்பும் நேரலைக்கு மணித்தியாலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 675 மெகாபைற்று செலவாகும். யூரியூப்பில் முதன்முறை நேரலை செய்ய விரும்புவோர் அனுமதிக்காக 24 மணிநேரம் வரை காத்திருக்க நேரும். தொலைபேசியிலிருந்து நேரலை செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர்களும் வேண்டும். ஆகவே விழாவன்று காலையில் தொடங்குவது வீண் முயற்சியாகும். சிறு அமைப்புக்கு வட்ஸ்அப் குழு அழைப்பே போதுமானது.

எச்சரிக்கை

மருந்து விசிறிய கையாற் தொலைபேசியைத் தொடலாகாது. தொலைபேசி பின்னர் முகத்துக்கும் குழந்தைகளின் கைக்கும் செல்லும் பொருளாகும். சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பின்னரே அதனை எடுக்க.

எவ்வளவு தெளிவான படமும் வயலைப் பார்ப்பதற்கு முழு ஈடாகாது. வேரின் மணமும், தண்டின் உறுதியும், மண்ணின் ஈரமும் திரையில் வாரா. போதனாசிரியர் ஐயங்கொண்டு, “மாதிரியைக் கொண்டு வாருங்கள்” என்று கூறின், நோயுற்ற பயிரை வேருடன் பிடுங்கிக் கடதாசியிற் சுற்றி, அன்றே விவசாய விரிவாக்கல் நிலையத்துக்கோ பயிர்ச் சிகிச்சை நிலையத்துக்கோ கொண்டு செல்க. விடை வருமுன் மருந்து வாங்குதல் தகாது.

பயிற்சி

நோய் வந்தபின் கற்கத் தொடங்குதல் காலங்கடந்த செயலாகும். பயிர் நலமாக உள்ள இன்றே, வீட்டுத் தோட்டத்து மிளகாய்ச் செடி ஒன்றை அயலவர் ஒருவருக்குக் காணொளி அழைப்பிற் காட்டுக. இலையின் கீழ்ப்புற நரம்புகளை அவரால் எண்ண முடிகின்றதா எனக் கேட்க. முடியுமாயின், நோய் வரும் நாளில் போதனாசிரியராலும் அதனைக் காணமுடியும். முடியாவிடின் கண்ணாடி, வெளிச்சம், கையசைவு, அலைவலு என்னும் நான்கில் எது குறையென ஒவ்வொன்றாகத் திருத்துக.

தெளிவாகக் காட்டிய கமக்காரர் தெளிவான விடையைப் பெறுவார். தேவையற்ற மருந்துக்குச் செலவாகும் பணம் அவர் கையிலேயே எஞ்சும்.